கன்றுச் சந்தைக்குப் போக முன்னர்: மட்டக்களப்பு, அம்பாறையில் வீட்டுத்தோட்டம் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியில் கடற்கரை மணல் வளவில்தான் நான் பூங்கன்றும் பழமரமும் வளர்க்கிறேன். மட்டக்களப்பு நகரிலோ அம்பாறையிலோ கன்றுச் சந்தை போட்டால் போவேன். சில வருடங்களில் ஒரு வேன் பிடித்துக் கண்டிப் பக்கமும் போய்வருவோம். கூட வர விரும்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இது என் வளவிலும் எனக்குத் தெரிந்தவர்களின் வளவுகளிலும் கண்டது. கறுத்த மண்ணோ வயல் மண்ணோ உள்ளவர்கள் தங்கள் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

புரட்டாதி. அப்போது வாங்கி, மாரி மழை பிடிக்க முன்னர் நட்டுவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கொழும்பிலும் கண்டியிலும் வைகாசி, ஆனியில் மழை பெய்கிறது என்று அங்கே எல்லோரும் நடுகிற நேரத்தில் இங்கே நிலம் வறண்டு கிடக்கும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று. மலையைத் தாண்டி இறங்கி வருவதற்குள் ஈரமெல்லாம் போய்ச் சூடாகித்தான் அது நம்மிடம் வரும். காலையில் பளபளவென்று இருந்த இளங்கன்றின் இலை ஓரம் பின்னேரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த மாதங்களில் சந்தைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியதை நிலத்தில் வைக்காமல், பையோடோ சாடியோடோ காற்றுப் படாத மூலையில் நிழலில் வைத்திருந்து புரட்டாதியில் நடுங்கள்.

மார்கழி, தையில் தூரப் பயணம் வேண்டாம். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் பாதைக்கு மேலே ஏறிவிட்டால் திரும்பி வரவும் வழியில்லாமல் போகும்.

உள்ளூர்ச் சந்தை போதுமா, கண்டி வரை போகத்தான் வேண்டுமா?

முதல் இரண்டு வருடமும் உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் போங்கள். இதை நான் எல்லோரிடமும் கொஞ்சம் வற்புறுத்தியே சொல்வேன்.

காரணம் இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவில். நமக்கு அது 27, 28. ஹைட்ரேஞ்சியா, பியூஷியா, கார்னேஷன் எல்லாம் சந்தையில் பூத்துக் குலுங்கி நிற்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். இங்கே கொண்டுவந்தால் அந்தப் பூ உதிர்ந்தபின் அடுத்தது வராது. கண்டி நுவரெலியா அளவுக்குக் குளிரில்லை. அங்கே அந்தூரியம், ஓர்க்கிட், குரோட்டன் எல்லாம் நமக்கும் சரிவரும் வகையில் கிடைக்கும். ஆனால் மண்தான் வேறு.

அந்த மண் விஷயத்தை நான் ஒரு ரோசாவில் படித்தேன். மலைநாட்டில் வாங்கிய கன்று. பையில் இருந்தது செம்மண் களி. நல்ல குழி வெட்டி, மாட்டெரு போட்டு, பையைக் கிழித்து வைத்தேன். தினமும் இரண்டு வாளி தண்ணீர். இரண்டு மாதத்தில் காய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் சுற்றியிருந்த மணல் ஈரமாக இருக்கிறது, நடுவில் அந்தக் களி உருண்டை செங்கல் மாதிரி வறண்டு கிடக்கிறது. ஊற்றிய தண்ணீர் முழுக்க மணல் வழியாக இறங்கிப் போயிருக்கிறது. உருண்டைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை. ஒரு வேர்கூட வெளியே வந்திருக்கவில்லை. இப்போது களிமண்ணில் வந்த எந்தக் கன்றையும் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, குமிழி வருவது நிற்கும் வரை அமிழ்த்தி, ஓரத்துக் களியை விரலால் மெல்ல உதிர்த்துவிட்டுத்தான் நடுகிறேன்.

உள்ளூரில் கன்று வைத்து விற்கிறவர் ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ சம்மாந்துறையிலோ நம் வெயிலையும் கச்சானையும் காட்டி வளர்த்தவர். வகை குறைவாக இருக்கலாம். கன்று நிற்கும்.

கண்டிக்குப் போவதென்றால் எப்படிப் போவது?

நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் வேன்தான் நல்லது. செங்கலடியிலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போகலாம். அம்பாறைக்காரரும் மகியங்கனை வழியாகவே போகலாம். மகியங்கனைக்கு அப்பால் மலை ஏறும் பதினெட்டு வளைவு இருக்கிறது. பாதை திருத்தி வளைவு குறைந்தாலும் பெயர் அப்படியே. ஏறும்போது ஆட்களுக்கு வயிற்றைப் புரட்டும். இறங்கும்போது கன்றுகள் சரியும். திரும்பும் பயணத்துக்காகப் பழைய பழப்பெட்டிகள் நாலைந்து எடுத்துப் போங்கள். சாடிகளை அதற்குள் நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் பத்திரிகைத் தாளைச் செருகினால் அசையாது.

ரயிலில் போகிறவர்கள் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். போவதற்கு வசதி, கையில் இருபது கன்றோடு திரும்ப வசதியில்லை. பஸ்ஸில் வருவதென்றால் கைப்பைக்குள் அடங்கும் சிறு கன்றும் கிழங்கும் விதையும் மட்டும் வாங்குங்கள்.

பின்னேரம் பிந்திப் புறப்படாதீர்கள். மகா ஓயாப் பக்கம் இருட்டினால் யானை பாதைக்கு வரும்.

கண்டி வரை போனால் பேராதனைப் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1821 இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர். ஒவ்வொரு மரத்திலும் பெயர்ப்பலகை இருக்கும். நம் வளவில் ஒரு முழக் கன்றாக நிற்பது முழு வளர்ச்சியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அங்கேதான் கண்ணால் பார்க்கலாம். மதிலோரம் வைக்க நினைத்த ஒரு மரத்தை நான் அங்கே பார்த்த பிறகு வாங்காமல் விட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் தொழினுட்பப் பூங்காவும் இருக்கிறது. மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் அதைத் தவறவிடக்கூடாது.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

உரப்பை இரண்டு, பழைய பத்திரிகை, ஈரத்துணி, ஒரு போத்தல் தண்ணீர், சிறு கத்தி, மாற்றிய காசு. அப்புறம் ஒரு அளவு நாடா. வீட்டில் கன்று வைக்கப்போகும் இடத்தை முதலே அளந்து, காலை வெயிலா பின்னேர வெயிலா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் துண்டு கையில் இல்லாமல் போன நாளில்தான் நான் தேவையில்லாததையெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கொடுப்பதற்கு ஏதாவது. அதைக் கீழே சொல்கிறேன்.

நல்ல கன்றை எப்படி அடையாளம் காண்பது?

பூவைப் பார்க்காதீர்கள். நிறையப் பூத்த கன்றை விட மொட்டோடு இருப்பது மேல்; மொட்டும் இல்லாமல் புதுத் தளிரோடு இருப்பது இன்னும் மேல்.

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். பஞ்சுத் துகள் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் வெண்மூட்டுப்பூச்சி. ஒரு கன்றில் கண்டால் அந்தத் தட்டிலுள்ள எதையும் வாங்காதீர்கள். பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். இரண்டொரு வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தடித்த பழுப்பு வேர் சுருண்டு சுருண்டு வெளியே தொங்கினால் அது பையில் பல காலம் இருந்த கன்று. நட்டாலும் அந்தச் சுருள் எளிதில் விரியாது. தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்தால் மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் ஆடினால் நேற்றுப் பையில் வைத்ததாக இருக்கும்.

ஒட்டுக்கன்று வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு முறை ஒரு விற்பனையாளரிடம் ஒட்டு மாங்கன்று என்று இரண்டு வாங்கினேன். தண்டில் பொலித்தீன் நாடா அழகாகச் சுற்றியிருந்தது. வீட்டில் வந்து அவிழ்த்தால் உள்ளே ஒட்டே இல்லை, வெறும் விதைக்கன்று. அவரே யாரிடமோ ஏமாந்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் மூன்று வருடம் காத்திருக்க எண்ணியது ஏழு எட்டு வருடமாகிவிட்டது. இப்போது நாடாவை ஓரமாகத் தளர்த்திக் காட்டச் சொல்வேன். ஒட்டு இருந்தால் சாய்வான தழும்போ ஆப்பு மாதிரிப் பிளவோ தெரியும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறம் கொஞ்சமாவது மாறும். ஒட்டுக்குக் கீழே தளிர் வந்திருந்தால் அது அடிக்கன்றுடையது, கிள்ளிவிட வேண்டும். காட்ட மறுத்தால் வேறு கடை.

கடற்கரை வளவுக்கு எதை வாங்கலாம்?

செவ்வரத்தை, நித்தியகல்யாணி, கடதாசிப்பூ, அலரி, அடீனியம். இந்த ஐந்தும் மணலையும் வெயிலையும் தாங்கும். கடதாசிப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூவே வரும். அடீனியத்துக்குக் கோடையில் ஒன்றும் செய்யத் தேவையில்லை. மாரியில் மட்டும் சாடியைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கிழங்கு அழுகி அமுக்கினால் விரல் உள்ளே போகும்.

அந்தூரியமும் ஓர்க்கிட்டும் ஆசைப்பட்டால் முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். வாவியோரத்திலும் கடலோரத்திலும் கோடையில் கிணறு உவர்க்கும். அந்த உவர் இரண்டுக்கும் ஆகாது. இலை நுனி கருகிக்கொண்டே வரும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு பரல் இருந்தால் வாங்குங்கள். தும்புச்சோற்றில் நடுகிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

விலை பேசலாமா?

பேசலாம், அதிலும் மூன்று நாலு கன்று சேர்த்து எடுத்தால். ஆனால் மூடும் நேரத்தில் போய் அடிமாட்டு விலைக்குக் கேட்பதை நான் செய்வதில்லை. ஒரு ஒட்டுக்கன்றுக்குப் பின்னால் ஒரு வருட வேலை இருக்கிறது.

எனக்குச் சிங்களம் தெரியாது. அம்பாறையிலும் கண்டியிலும் சமாளிக்கலாமா?

தாராளமாக. மல் என்றால் பூ, பெள என்றால் கன்று, கீயத என்றால் எவ்வளவு. இந்த மூன்றோடு நான் போன முதல் பயணம் முடிந்தது. கைத்தொலைபேசியில் உங்கள் வளவின் படம் நாலைந்து வைத்திருங்கள். காய்ந்த இலையைப் படத்தில் காட்டினால் அவர் ஒரு கன்றின் இலையைத் தொட்டு, தண்ணீர் கூடிப்போச்சு என்று கையாலேயே சொல்லிவிடுவார். அம்பாறையில் ஒரு அக்கா என் சாடியின் படத்தைப் பார்த்துவிட்டு, தன் சாடியொன்றைக் கவிழ்த்து, அடியில் மூன்று துளை போட்டிருப்பதைக் காட்டினார். என் சாடியில் ஒரு துளைதான். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

அங்கே யாரையும் தெரியாது. மற்ற வளர்ப்பவர்களோடு எப்படிப் பழகுவது?

எனக்கு இதுதான் சந்தையின் உயிர். கன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் மண்ணில் அதே கன்றை பத்து வருடம் வைத்திருந்தவர் சந்தையில்தான் கிடைப்பார்.

வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் வளவில் நன்றாக வரும் ஒன்றில் பத்துத் தடி வெட்டிக்கொள்ளுங்கள். செவ்வரத்தை என்றால் பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளம், மேலே இரண்டு இலை விட்டு மீதியை எடுத்துவிட்டு, ஈரத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில். முருங்கை என்றால் கைத்தடி அளவு கம்பு. தேமா என்றால் வெட்டிப் பால் காய நாலைந்து நாள் நிழலில் போட்டுவிட்டுக் கொண்டு போங்கள், அவசரப்பட்டால் அழுகும். விதை என்றால் தாள் உறையில், பெயரும் எடுத்த மாதமும் எழுதி.

அப்புறம் ஒரு கடையில் நீங்கள் பார்க்கும் அதே கன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் கேளுங்கள். ‘அக்கா, உங்கட வளவில இது நிக்குதா?’ இந்த ஒரு கேள்வி போதும். காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு ராத்தா இதற்குப் பதில் சொல்லத் தொடங்கி, மல்லிகைக்கு எப்போது கவ்வாத்துப் பண்ணுவது, பதியத்தை எந்தக் கணுவுக்குக் கீழே புதைப்பது என்று அரை மணித்தியாலம் சொல்லிக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் பைகளோடு வெயிலில் பொறுமையாகக் காத்திருந்தார். இன்றைக்கும் மல்லிகையில் ஒரு சந்தேகம் என்றால் நான் முதலில் கேட்பது அவரைத்தான்.

கேட்கும்போது தோற்ற கதைகளைக் கேளுங்கள். எது நன்றாக வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். எது செத்தது, எங்கே வைத்திருந்தீர்கள், எந்த மாதம் என்று கேட்டால் வரும் பதிலுக்கு விலையில்லை. 1978 சூறாவளியையும் 2004 கடல்கோளையும் கண்ட பெரியவர்கள் வந்திருந்தால் கட்டாயம் அவர்களோடு உட்காருங்கள். எந்த மரம் காற்றுக்கு விழுந்தது, உப்புத் தண்ணீர் ஏறிய வளவில் முதலில் எது தளிர்த்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

‘வளவைப் பார்க்க வாங்க’ என்று கூப்பிட்டால் போகலாமா?

போங்கள். முதல் நாள் சொல்லிவிட்டு, வெயில் ஏற முன்னர் போங்கள். ஒரு கன்று மனதுக்குப் பிடித்தால் வாய் விட்டுக் கேளுங்கள். களவெடுத்த தடிதான் பிடிக்கும் என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. அதை நம்பி யாரும் கிள்ளிப் பைக்குள் போடாதீர்கள். கேட்டால் தராதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டு வாங்கினால் எப்படி நடுவது என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

வேறு வளவில் நோய்ப்பட்ட கன்றைத் தொட்டுவிட்டு இன்னொரு வளவுக்குப் போவதென்றால் கையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

வாங்கவே கூடாதவை உண்டா?

உண்டு. ஆகாயத்தாமரை. ஊதாப் பூவோடு தொட்டியில் அழகாகத்தான் மிதக்கும். அதைத் தடுக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் போட்டார்கள். நம் குளங்களையும் வாவியின் நன்னீர்ப் பக்கங்களையும் அது எப்படி மூடுகிறது என்று மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். மழை வெள்ளத்தில் உங்கள் தொட்டி நிரம்பி ஒரு குட்டி வெளியே போனால் போதும்.

காட்டில் இருந்து மரக்கிளையோடு பிடுங்கி வந்த ஓர்க்கிட்டையும் வாங்காதீர்கள். வெசாக் ஓர்க்கிட் உலகில் இலங்கையில் மட்டும் உள்ளது, சட்டப் பாதுகாப்பும் உண்டு. இன்னொன்று, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றோ அழகுக்கு வைக்கும் பனை வகைக் கன்றோ கொண்டு வராதீர்கள். வெலிகம தென்னோலை வாடல் நோய் அந்தப் பக்கம் இருக்கிறது. தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் நம் கரையோரம் முழுக்க இருக்கின்றன.

கொண்டுவந்த அன்றே நடலாமா?

வேண்டாம். இரண்டு கிழமை மற்றக் கன்றுகளுக்குக் கிட்ட வைக்காமல், நிழலில், தனியே வையுங்கள். பூச்சி இருந்தால் அதற்குள் வெளியே தெரியும். சாடிக்கு அடியிலும் விளிம்புக்கு உள்ளேயும் ஆபிரிக்க நத்தைக் குஞ்சு இருக்கிறதா என்று முதல் இரவே டோர்ச் அடித்துப் பாருங்கள். அவரைக் கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் காலை வெயிலுக்கு, பிறகு முழு வெயிலுக்கு என்று மெல்ல மெல்ல நகர்த்தி, ஒரு பின்னேரம் நடுங்கள். பூச்சியோ நோயோ என்னவென்று பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

உள்ளூர்ச் சந்தைக்குத் தாராளமாக. ஒரு கன்றை அவர்களே தெரிவு செய்து, அவர்கள் காசிலேயே வாங்கட்டும்.

ஒருவர் அன்பாகத் தந்த கன்று பட்டுப்போனால் அவரிடம் சொல்வதா, விடுவதா?

சொல்லுங்கள். நான் முதலில் சொல்லாமல்தான் விட்டேன். அக்கரைப்பற்றில் இருந்து வந்த ஒரு மாமி அடுக்கு மஞ்சள் செவ்வரத்தைத் தடி மூன்று தந்தார். மூன்றும் துளிர்த்து, துளிர்த்த இலை மஞ்சளாகி விழுந்துவிட்டது. அடுத்த வருடம் சந்தையில் அவரைத் தூரத்தில் கண்டதும் வேறு பக்கம் போனேன். அவரே தேடி வந்து கேட்டார். சொன்னேன். ‘எங்க வெச்ச மகள்?’ என்றார். கிணற்றடியில், தண்ணீர் ஓடும் பக்கம் என்றேன். ‘சவக்காரத் தண்ணி போற இடமெல்லோ அது’ என்று சொல்லிவிட்டு, அன்று வேறொருவருக்கென்று கொண்டு வந்திருந்த கட்டில் இரண்டை உருவித் தந்தார்.

அந்த இரண்டையும் கிணற்றுக்கு மறுபக்கம் வைத்தேன். ஒன்று நின்றது. இப்போது அது தாழ்வாரக் கூரை உயரம். போன புரட்டாதியில் அதில் பத்துத் தடி வெட்டி ஈரத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். மாமிக்கும் ஒன்று, அவருடைய பழைய மரம் மாரி வெள்ளத்தில் அழுகிப் போயிருந்தது.